அவர் வாங்கிய கம்பெனியையே நானும் வாங்க வேண்டுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். சொந்த நிலம் பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர். என் வீட்டுக்காரர் இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பில் தவறிவிட்டார். அதிலிருந்து சாகுபடியை நான்தான் பார்க்கிறேன். அவர் இருபது வருடத்துக்கும் மேலாக ஒரே கம்பெனி மருந்து, ஒரே கம்பெனி விதை என்று இருந்தவர். யூரியாகூட குறிப்பிட்ட ஒரு கம்பெனி மூட்டைதான். "கம்பெனிய மாத்துனா கைராசி போயிடும்" என்பார். மருந்தடித்த தேதி, அளவு எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார். நானும் அப்படியேதான் வாங்குகிறேன். ஆனால் போன சம்பாவில் மூன்று தடவை அடித்தும் இரண்டு மா நெல், தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியில் போய்விட்டது. விலையும் ஏறிக்கொண்டே போகிறது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகன், அதே மருந்து வேறு கம்பெனியில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, போனிலேயே வாங்கிவிடலாம் என்கிறான். கடைக்கார அண்ணனோ, "அதெல்லாம் டூப்ளிகேட்டும்மா, அவரு இருந்தா வாங்குவாரா?" என்கிறார். அறுப்பு வரைக்கும் கடன் கொடுப்பவரும் அவர்தான். கம்பெனியை மாற்றினால் என் வீட்டுக்காரருக்குத் துரோகம் செய்வது போல மனசு உறுத்துகிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கம்பெனியை மாற்றுவது உங்கள் வீட்டுக்காரருக்குச் செய்யும் துரோகம் ஆகாது. மருந்தடித்த தேதியையும் அளவையும் இருபது வருடம் உட்கார்ந்து எழுதி வைத்த மனிதர், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயரை நம்பியிருக்க மாட்டார். அவர் காலத்தில், அவர் வயலில், அந்த மருந்து கேட்டிருக்கிறது. அதனால் வாங்கினார். கேட்காமல் போயிருந்தால் அவரே விட்டிருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தக் காலண்டர் தாள்கள் வீட்டில் இருக்கின்றனவா? இருந்தால் இன்றைக்கே தேடி எடுத்து வருட வாரியாக அடுக்குங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள்: ஒரு போகத்துக்கு எத்தனை தெளிப்பு? ஆரம்பத்தில் ஒன்று, அப்புறம் இரண்டு, கடைசி வருடங்களில் மூன்று என்று ஏறிக்கொண்டே வந்திருந்தால், பூச்சி அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டு வந்திருக்கிறது என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது. இந்த விஷயத்தை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, கடைக்காரராலும் உங்கள் மகனாலும் சொல்ல முடியாது. உங்கள் வயலைப் பற்றி அந்தத் தாள்களுக்குத்தான் தெரியும். அவர் உங்களுக்கு விட்டுப்போன சொத்தில் நிலத்துக்கு அடுத்தபடியாக அதைத்தான் நான் வைப்பேன்.

இனி ஒவ்வொரு பொருளாகப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. சிலவற்றில் கம்பெனி பார்ப்பதே வீண், சிலவற்றில் பார்த்தே ஆக வேண்டும்.

வீண் என்று தயங்காமல் சொல்லக்கூடியது யூரியா. எந்த ஆலையில் தயாரானாலும் அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம். 2015 முதல் உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 2022 அக்டோபரிலிருந்து மானிய உரங்கள் எல்லாமே ‘பாரத்’ என்ற ஒரே பெயரில், ஒரே மாதிரி மூட்டையில்தான் வருகின்றன: பாரத் யூரியா, பாரத் டிஏபி. கம்பெனியின் பெயர் கீழே சின்னதாக இருக்கும். 45 கிலோ யூரியா மூட்டைக்கு அரசு வைத்த விலை 266 ரூபாய் 50 காசு. ஆகவே ஒரு கம்பெனி மூட்டைக்காக மூன்று கடை ஏறி இறங்க வேண்டாம். ஆட்டோ வாடகைதான் வீண். கடையில் விற்பனையைப் பதிவு செய்யும் பிஓஎஸ் கருவியில் கைரேகை வைத்து, வரும் ரசீதைக் கையோடு வாங்கி வந்தால் போதும். டிஏபியில் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. நாலு குருணையை உள்ளங்கையில் வைத்து, வெற்றிலைக்குப் போடுகிற ஈரச் சுண்ணாம்பு கொஞ்சம் சேர்த்துக் கசக்குங்கள். மூக்கைத் துளைக்கிற அமோனியா நெடி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் அந்த மூட்டையைப் பிரித்த நிலையிலேயே வைத்துவிட்டு வேளாண் அலுவலரைக் கூப்பிடுங்கள்.

யூரியா கேட்டுப் போனால் கூடவே ஒரு டப்பா பயிர் டானிக்கையும் தலையில் கட்டுகிறார்கள் என்று டெல்டா முழுக்கப் புகார் இருக்கிறது. உங்களுக்கும் நடந்திருக்கும். அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வேளாண்மைத் துறை ஒவ்வொரு பருவமும் எச்சரிக்கிறது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இப்போது பூச்சி மருந்துக்கு வருகிறேன். உங்கள் இரண்டு மா போனதற்கான காரணம் இங்கேதான் இருக்க வேண்டும்.

நான் நீடாமங்கலம் பக்கம் பணியில் இருந்தபோது, ஒரு தை மாதம், பொங்கல் கழிந்து நாலாம் நாள், ஒரு பெரியவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கதிர் பழுக்க வேண்டிய வயலில் வட்டம் வட்டமாகத் தீய்ந்து கிடக்கிறது. ஒரு தூரை, அதாவது ஒரு நெல் குத்தை, விலக்கினேன். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டைச் சுற்றி அப்பிக்கொண்டு புகையான். கையால் தட்டினால் தண்ணீரில் பொலபொலவென்று விழுகிறது. "மூணு கம்பெனி மருந்து அடிச்சுட்டேன் சார், மூணும் டூப்ளிகேட்" என்றார். அவரும் உங்களைப் போலவே முதலில் தன் வழக்கமான கம்பெனியை வாங்கியிருக்கிறார். கேட்கவில்லை என்றதும் கோபத்தில் அடுத்தது, அதற்கடுத்தது. காலி பாட்டில்கள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தன. எடுத்து வந்து வரப்பில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் பின்பக்கம் திருப்பினேன். மண்ணைத் துடைத்துவிட்டுப் படித்துக் காட்டினேன். முதல் பாட்டில் இமிடாகுளோபிரிட். இரண்டாவதும் இமிடாகுளோபிரிட். மூன்றாவது தயாமீத்தாக்சாம். அதுவும் இமிடாகுளோபிரிட்டின் பங்காளிதான். இரண்டும் ஒரே குடும்பம், பூச்சியின் உடம்பில் தாக்குகிற இடமும் ஒன்றுதான். ஒன்றுக்குப் பழகிய பூச்சி மற்றதையும் தாங்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். புகையான் இமிடாகுளோபிரிட்டுக்கு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொண்டதை ஆசியாவில் நெல் விளைகிற பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள்.

மூன்று மருந்து அடித்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் ஒரே வகை மருந்தை மூன்று விலைக்கு வாங்கி அடித்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்பக்கத்தில் கம்பெனி வைத்த பெயர் கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கிறது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரோ அரிசி அளவு எழுத்தில், பல நேரம் இங்கிலீஷில். அறுபது வயதுக் கண்ணுக்கு அது தெரியாது.

ஆனால் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். காபித்தூள் வாங்கும்போது சிக்கரி எத்தனை பங்கு என்று கேட்டுத்தானே வாங்குகிறீர்கள்? 60க்கு 40 என்றால் ஒரு ருசி, 80க்கு 20 என்றால் வேறு ருசி. கடையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் கலவை மாறினால் காபி மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதே பழக்கத்தை மருந்துக்கடைக்கும் கொண்டு போங்கள். பாட்டிலை வாங்கியதும் பின்பக்கம் திருப்புங்கள். உள்ளே உள்ள மருந்தின் பெயர், அது எத்தனை சதவீதம், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண் எல்லாம் இருக்கும். கூடவே சாய்ந்த சதுரத்தில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை என்றால் விஷத்தன்மை குறைவு. எழுத்து தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அல்லது மகனுக்கு அனுப்பிக் கேளுங்கள். அவர் சென்னையில் இருந்தபடியே செய்யக்கூடிய நல்ல உதவி அது.

இன்னொன்றும் கவனியுங்கள். பழகிய பெயருக்குப் பின்னால் ‘கோல்டு’, ‘பிளஸ்’, ‘சூப்பர்’ என்று ஒரு வால் சேர்ந்து வந்தால் உள்ளே இருப்பது பழைய மருந்தாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெயரை மட்டும் நம்பி வாங்குகிறவருக்கு அது தெரியாமலே போய்விடும். உங்கள் வீட்டுக்காரர் முதல் வருடம் எழுதிய பெயரும் நீங்கள் போன வருடம் வாங்கிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று பாருங்கள்.

இதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. ஒரு கம்பெனி புது மருந்து கண்டுபிடித்தால் காப்புரிமை இருக்கும்வரை அதை வேறு யாரும் தயாரிக்க முடியாது. விலை அவர்கள் வைத்ததுதான். காப்புரிமை முடிந்ததும் மற்ற கம்பெனிகள் இறங்கும், விலையும் இறங்கும். இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குருத்துப்பூச்சிக்கும் நம் பக்கம் அடிக்கிற குளோரான்ட்ரானிலிப்ரோல் அப்படித்தான். 2022இல் அதன் காப்புரிமை முடிந்தது. இன்று பல கம்பெனிகள் அதே 18.5 சதவீத மருந்தை வெவ்வேறு பெயரில் விற்கின்றன. அளவும் ஒன்றுதான், ஏக்கருக்கு 60 மில்லி, நம் கணக்கில் மாவுக்கு 20. இந்த நிலையில் பழைய பெயருக்கென்று கூடுதல் பணம் கொடுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். ‘அதுதான் வழக்கம்’ என்பது எனக்குப் போதுமான காரணமாகத் தெரியவில்லை.

கடைக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். மருந்தின் பெயரும் சதவீதமும் ஒன்றாக இருந்தாலும் கூடச் சேர்க்கும் சரக்கில் தரம் மாறும். தண்ணீரில் சீராகக் கலப்பது, இலையில் ஒட்டுவது, அடியில் கட்டி தட்டாமல் இருப்பது எல்லாம் அதைப் பொறுத்தவை. மலிவுப் பாட்டில்களில் நன்றாக வேலை செய்வதும் உண்டு, டேங்கில் திரிந்து நாசிலை அடைப்பதும் உண்டு. அப்புறம் டூப்ளிகேட் விஷயம். போலி அடிக்கிறவன் யாரும் கேள்விப்படாத பெயரைப் போட்டு அடிக்க மாட்டான். எந்தப் பெயரை ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு வாங்குகிறார்களோ அதையே அடிப்பான். அதனால் பெரிய பெயர் வாங்கினால் போலி வராது என்ற நிம்மதிக்கு இடமில்லை. மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, பாட்டிலில் உள்ள பேட்ச் எண்ணும் பில்லில் எழுதிய பேட்ச் எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் உங்களுக்குக் காவல்.

போனில் வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். உரிமம் பெற்றவர் இணையவழியிலும் பூச்சிமருந்து விற்கலாம் என்று 2022இல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் விற்கிறவர் யார், உரிமம் இருக்கிறதா, முறையான பில் வருமா என்று தெரியாமல் வாங்கச் சொல்ல மாட்டேன். என் யோசனை, விலையைப் போனில் பார்த்துக்கொள்ளுங்கள், மருந்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு உள்ளூர்க் கடைக்குப் போங்கள். "இந்தக் கம்பெனி குடுங்க" என்று கேட்பதற்குப் பதிலாக "இந்த மருந்து, இத்தனை சதவீதம், உங்ககிட்ட எந்தெந்தக் கம்பெனியில இருக்கு, என்ன விலை?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்கிறவரிடம் பேசும் விதமே வேறாக இருக்கும். முப்பது வருடமாகப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சரி, மலிவான பாட்டிலில் எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பதினைந்து மாவையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மா எடுங்கள். ஒரே ரகம், ஒரே நாள் நட்டது, ஒரே மடையில் தண்ணீர் பாய்கிறதாக இருக்க வேண்டும். ஒன்றில் பழைய கம்பெனி, மற்றதில் புதியது. மருந்து அதே மருந்து, சதவீதமும் அதே. அடித்தவரும் ஒருவராகவே இருக்கட்டும். ஏழாம் நாள் இறங்கி, மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக ஐந்து இடத்தில், இடத்துக்கு நாலு தூர் என்று எண்ணுங்கள். குருத்துப்பூச்சி என்றால் காய்ந்த குருத்து எத்தனை, இலைச்சுருட்டு என்றால் சுருண்ட இலை எத்தனை. இரண்டு மாவிலும் எண்ணியதைக் காலண்டர் தாளில் எழுதுங்கள். இரண்டு போகம் இப்படிச் செய்தால் உங்களுக்கு யாருடைய சிபாரிசும் தேவைப்படாது.

புகையானுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. அதில் கம்பெனியை மாற்றினால் போதாது, மருந்தின் குடும்பத்தையே மாற்ற வேண்டும். போன முறை அடித்த மூன்றும் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம் வகை என்றால் இந்த முறை அந்தப் பக்கமே போகாதீர்கள். பைமெட்ரோசின் போன்ற வேறு குடும்பத்து மருந்து இருக்கிறது, உங்கள் வேளாண் அலுவலரைக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் முன்னால் வயலைப் பாருங்கள். புகையானைத் தின்கிற சிலந்தி நிறைய இருந்தால் ஒரு தண்டுக்கு இரண்டு பூச்சி வரைக்கும் மருந்தே வேண்டாம். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகையை வேறு புழுவுக்கென்று அடித்துவிட்டால் சிலந்தியெல்லாம் செத்து, புகையான் முன்னைவிடப் பெருகும். யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் அப்படித்தான். அடிக்க வேண்டி வந்தால் தண்ணீரை வடித்துவிட்டு, தூரின் அடியில் படுகிறமாதிரி அடிக்கச் சொல்லுங்கள். மேலாகத் தெளித்துக்கொண்டே நடந்து போனால் எந்தக் கம்பெனி மருந்தும் பூச்சியைத் தொடாது. உங்கள் மூன்று தெளிப்பும் எப்படி நடந்தன என்று ஆளைக் கேட்டுப் பாருங்கள்.

விதையில் நம் தஞ்சைச் சீமையே உங்களுக்குப் பாடம். 1960களில் ஆடுதுறை 27 வந்தபோது அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20, பொன்னி, ஆடுதுறை 36, ஆடுதுறை 43, கோ 51. சம்பாவுக்கு சி.ஆர். 1009, இப்போது வெள்ளத்தைத் தாங்குகிற சி.ஆர். 1009 சப் 1. எந்த ரகமும் நிரந்தரமாக நிற்கவில்லை. இப்படி மாறிய விவசாயிகளை விசுவாசம் கெட்டவர்கள் என்று யாரும் சொன்னதில்லை. கண்டுமுதலை, அதாவது விளைச்சலை, பார்த்து மாறினார்கள், அவ்வளவுதான்.

விதைப் பையில் ரகம் வேறு, கம்பெனி வேறு என்பதைப் பிரித்துப் பாருங்கள். இந்த ரகங்கள் எல்லாம் அரசு ஆராய்ச்சி நிலையங்களிலோ சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ வந்தவை. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நிலையம் உங்கள் ஊரிலிருந்து எட்டாத தூரம் இல்லை. யார் பையில் போட்டு விற்றாலும் ரகம் ஒன்றுதான். யார் ஒழுங்காகப் பெருக்கினார்கள், கலப்பு இல்லாமல் சுத்தம் செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். அதற்குச் சாட்சி அட்டை. நீல அட்டை இருந்தால் சான்று பெற்ற விதை. பச்சை அட்டை என்றால் உற்பத்தியாளரே பொறுப்பேற்றுத் தரும் உண்மைநிலை விதை. நெல்லுக்கு முளைப்பு குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். நாற்றங்கால் போடுவதற்குப் பத்து நாள் முன்னால், பையிலிருந்து நூறு விதை எண்ணி எடுத்து, ஈரக் கோணிச்சாக்கில் பரப்பிச் சுருட்டி, திண்ணை நிழலில் வையுங்கள். காய விடாதீர்கள். ஐந்தாம் நாள் பிரித்து எண்ணுங்கள். அறுபது முளைத்திருந்தால், அது எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும், பையைத் திருப்பிக் கொண்டு போங்கள். நல்ல சான்று விதை ஒருமுறை வாங்கினால், கலப்பு நெல்லைப் பிடுங்கி எறிந்து, மூன்று வருடம் வரை உங்கள் விதையையே வைத்துக்கொள்ளலாம். நெல்லுக்கு ஒவ்வொரு போகமும் விதை வாங்க வேண்டியதில்லை.

டானிக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் அனுபவத்தில் சாகுபடிக் கணக்கில் வீணாகப் போகிற பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. கதிர் திரளும், தூர் வெடிக்கும், பச்சை பிடிக்கும் என்று வண்ண வண்ணமாகப் படம் போட்டிருக்கும். திருப்பிப் பார்த்தால் உள்ளே என்ன, எவ்வளவு என்று தெளிவாக இருக்காது. அப்படி எழுதாத எதையும் வாங்காதீர்கள். மண் பரிசோதனை செய்து துத்தநாகம் குறைவு என்றால் ஏக்கருக்குப் பத்து கிலோ சிங்க் சல்பேட் போடுங்கள். வேளாண்மை விரிவாக்க மையத்தில் நெல் நுண்ணூட்டக் கலவை கிடைக்கும்.

கம்பெனியைப் பார்த்தே வாங்க வேண்டிய பொருளும் உண்டு. மோட்டார், தெளிப்பான், உழவுக் கருவி. நடவு நேரத்தில் மோட்டார் நின்றுபோனால், அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்க வேண்டும், பாகம் திருத்துறைப்பூண்டியிலேயே கிடைக்க வேண்டும். பத்து வருடம் அப்படி ஓடிய மோட்டாரை விட்டுவிட்டு, இரண்டாயிரம் குறைவு என்று வேறு ஒன்றை வாங்காதீர்கள். அங்கே உங்கள் வீட்டுக்காரரின் தேர்வையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கடைக்கார அண்ணன். எனக்கு என்னவோ, உங்களைக் கட்டி வைத்திருப்பது கம்பெனியைவிட அந்தக் கடன் நோட்டுதான் என்று தோன்றுகிறது. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கையில் காசில்லாத மாதத்தில் நம்பிக் கொடுக்கிறார், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கடனுக்கு வாங்குகிற பாட்டிலுக்கும் ரொக்கத்துக்கு வாங்குகிற பாட்டிலுக்கும் விலை ஒன்றுதானா என்று விசாரியுங்கள். வித்தியாசம் இருந்தால் அதுதான் நீங்கள் கட்டுகிற வட்டி. உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள். தமிழ்நாட்டில் தவணைக்குள் கட்டிவிட்டால் அதற்கு வட்டி இல்லை. சிட்டா, அடங்கல், ஆதார் வேண்டும். பட்டா இன்னும் உங்கள் வீட்டுக்காரர் பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்று வாங்கி முதலில் அதை மாற்றுங்கள். கணவரை இழந்த பல பெண்கள் இந்த ஒரு காகிதத்துக்காகக் கடனும் நிவாரணமும் கிடைக்காமல் வருடக்கணக்கில் அலைவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி அலையக் கூடாது. ரொக்கம் கையில் வந்தபிறகும் அதே அண்ணன் கடைக்கே போங்கள், அதில் தப்பே இல்லை. நல்ல யோசனை சொல்கிறவரை விட்டுவிடத் தேவையில்லை. அவரிடம் எதை வாங்குவது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். பேட்ச் எண், காலாவதித் தேதி, உங்கள் பெயர் எழுதிய பில். காலி பாட்டிலையும் விதைப் பையின் அட்டையையும் அறுப்பு முடியும்வரை பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விதையோ மருந்தோ மோசம் போனால், பயிர் வயலில் நிற்கும்போதே எழுத்தில் புகார் கொடுத்து, வேளாண் அலுவலரை வரவழைத்து வயல் ஆய்வு அறிக்கை வாங்கிவிடுங்கள். அறுத்தபிறகு நிரூபிப்பது கஷ்டம். விதை வாங்குகிற விவசாயியும் நுகர்வோர்தான் என்று தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. திருவாரூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள். பயிர் சந்தேகத்துக்கு உழவர் அழைப்பு மையம் 1800 180 1551. நேரில் கேட்க வேண்டுமென்றால் நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் பாதித்த பயிரில் ஒரு தூரைப் பிடுங்கிக்கொண்டு போங்கள்.

போன சம்பாவில் அடித்த அந்த மூன்று பாட்டில்கள் இன்னும் கொட்டகையில் கிடந்தால், கையுறை போட்டுக்கொண்டு எடுத்துத் துடைத்து, பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கூடவே காலண்டர் தாள்களில் பழையதில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. இந்தச் சம்பாவுக்கு நாற்று விடுவதற்குள் எந்தக் குடும்பத்து மருந்தை விட வேண்டும், எதைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதி அனுப்புகிறேன்.